ஃபெபியின் விரலுக்குக் குடிவந்த நாடி

மண்ணூர் தாண்டவராயனின் இடது காலில் இருந்த நாடி, ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, நர்ஸ் ஃபெபியின் வலது கை நடுவிரலுக்குக் குடிவந்தது. அன்று அவள் அவருடைய புறங்காலில் விரல் வைத்துப் பதினோரு நிமிஷம் தேடினாள். முதலில் ஏதோ லேசாகத் தட்டுப்பட்டது, பிறகு அதுவும் இல்லை. கையை எடுத்துப் பார்த்தால் விரல் நுனியில் இரண்டு துடிப்பு. ஒன்று அவளுடையது. இன்னொன்று நொண்டி நொண்டி வந்தது. வாலாஜாபாத் ஒரகடம் ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் நடேசன், ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கும் கருவியை அவர் காலில் வைத்தார், சத்தமில்லை. இவள் விரலில் வைத்தார், உஸ் உஸ்ஸென்று தெளிவாகக் கேட்டது. "இடது கால் நாடி: சிஸ்டர் கையில்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

தாண்டவராயன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, முப்பத்திரண்டு வருஷப் பீடி. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, நாலு கரண்ட் கம்பம் நடப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். மாத்திரை, நடை, பீடியை விடுவது, இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் காலை எடுக்கவேண்டி வருமென்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஃபெபி வாரம் இரண்டு நாள் வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போனாள். கால் சில்லென்று இருக்கிறதே என்று அவர் மனைவி சந்திரம்மாள் தவிட்டு ஒத்தடம் கொடுப்பதை முதல் வேலையாக நிறுத்தினாள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். தலையணை வைத்துக் காலைத் தூக்கக் கூடாது என்றாள், ரத்தம் இறங்கத்தானே வேண்டும். விரல் இடுக்குகளைத் துடைத்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்து, தன் கையால் பருத்திச் சாக்ஸ் மாட்டிவிட்டாள். வலி வரும்வரை நட, வந்தால் நில், போனதும் நட என்று கூடவே நடந்தாள்.

நாடி இடம்மாறிய பிறகு வேலை சுலபமானது. அவர் நடந்தால் வாலாஜாபாத்தில் இவள் விரல் சூடாகும், உட்கார்ந்தால் தணியும். நாலு கம்பம் ஒன்பதானது, ஒன்பது இருபத்தொன்றானது. இருபத்தொன்றாவது கம்பத்தை அவர் தொட்ட நாளில் ஃபெபி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேவிட்டாள். மண்ணூர்க் கடைத்தெருவில் அவளைப் பார்ப்பவர்கள் தாண்டவராயன் எப்படி இருக்கிறார் என்று அவள் விரலைப் பார்த்துத்தான் விசாரித்தார்கள். எல்லா நோயாளிகளையும் ஐயா என்று கூப்பிடுகிறவள் அவரை மட்டும் அப்பா என்றாள். அப்பா இல்லாமல் வளர்ந்த பெண், வாயில் தானாக வந்துவிட்டது. அவரும் முருங்கைக்காய் பறித்து ஸ்கூட்டியில் கட்டிவிடுவார். அவர் பக்கத்தில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

அந்த ஆடி மாதத்தில்தான் விரல் வம்பு பண்ண ஆரம்பித்தது. தினமும் மத்தியானம் மூன்றரைக்கு, இரண்டாம் ஷிப்ட் பஸ்களெல்லாம் போய் ரோடு அடங்கிய நேரத்தில், துடிப்பு நூலாக மெலிந்து விரல் ஐந்து நிமிஷம் சில்லிட்டுப் போகும். பீடி உள்ளே போனால் ரத்தக்குழாய் சுருங்கும் என்பது நர்சிங் படித்தவளுக்குத் தெரியாதா? நேராகப் போய்க் கேட்டாள். "பீடியா? அத்தத் தொட்டே எட்டு மாசம் ஆவுது சிஸ்டர்" என்றார் தாண்டவராயன். அதோடு விட்டாரா, சந்திரம்மாளைச் சூடம் கொண்டுவரச் சொல்லி, தரையில் ஏற்றி, வலது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். வேதக்கார வீட்டுப் பெண் ஃபெபி ஆடிப்போனாள். வயதான மனிதரை நெருப்பில் கைவைக்க வைத்துவிட்டோமே என்று குறுகி, அந்தக் கைக்கு மருந்து தடவினாள். பிறகு மூன்றரைக்கு விரல் சில்லிடும்போதெல்லாம் விரலைத்தான் திட்டினாள். ஒரு வருஷம் கேஸ் ஷீட்டில் "புகை: இல்லை" என்று தன் கையெழுத்தில் எழுதினாள். டாக்டர் அதை நம்பினார்.

மறு ஆடியில் அவருடைய சுண்டுவிரல் கறுத்தது. வலியில் ராத்திரியெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தவள், கட்டுப்போட்டு முடித்துச் சாக்ஸ் எடுக்க டப்பாவைத் திறந்தாள். அவள் வாங்கித் தந்த சாக்ஸ்தான், ஆறு ஜோடி. அடியில் இருந்த ஜோடியில் ஒன்றில் பீடிக்கட்டு, மற்றதில் ஏலக்காய்.

ஃபெபி இரண்டையும் அவர் மடியில் வைத்தாள். தாண்டவராயன் ஒளிக்கவில்லை. "நாடிதான் உன் கைல பத்திரமா கீதேம்மா. அப்பால இந்தக் கால நான் இன்னா பண்ணா இன்னான்னு இருந்துட்டேன்" என்றார், முதல் தடவையாக ஒருமையில். சூடம் அணைத்ததைக் கேட்டபோது, அணைத்தது வலது கை, பீடி பிடிப்பது இடது கை என்றார். வாங்கி வந்தது யார் என்று அவள் கேட்பதற்கு முன்பே சந்திரம்மாள் வாசற்படியிலிருந்து சொல்லிவிட்டாள்: "நாந்தான். நீ வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வந்து போற. மிச்ச நேரமெல்லாம் பீடி இல்லாம இவரு கத்துற கத்தல கேக்குறது யாரு?"

"ஒரு வருஷமா என் விரல நான் நம்பலப்பா. உங்கள நம்புனேன்" என்றாள் ஃபெபி. ஏமாந்த வயிற்றெரிச்சல் அவரைக் காட்டிலும் தன்மேல்தான் அதிகம். மருந்து தடவிய அந்த உள்ளங்கைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. சீ என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலைச் சந்திரம்மாள் மண்ணூர்ச் சுடுகாட்டில் புதைக்கச் செய்து பால் ஊற்றினாள். நாடி மட்டும் அவரிடம் திரும்பவில்லை. எடுத்தது போக மிச்சமிருந்த காலுக்குக் கட்டு மாற்ற ஃபெபிதான் போனாள், வேலை வேலைதானே. ஆனால் ஐயா என்றே கூப்பிட்டாள். அவர் சொல்லிச் சந்திரம்மாள் முருங்கைக்காய் கட்டிவிட்டால் அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு வருவாள்.

இப்போது நாலு வருஷமாகிறது. வருகிற நோயாளிகளின் காலை ஃபெபி இடது கையால்தான் தொட்டுப் பார்க்கிறாள். வலது நடுவிரலை வைத்தால், செத்துப்போன காலைக்கூட உயிரோடு இருப்பதாகத்தான் அது சொல்லும். மத்தியானம் மூன்றரைக்கு அது சில்லிடுகிறது. கட்டிலில் இருப்பவர் மண்ணூர்க்காரராக இருந்தால், கட்டு நடுவில் நிற்பதைப் பார்த்து, "தாண்டவராயன் பத்த வெச்சிட்டாரு போல" என்பார். ஃபெபி ஆமாம் என்று சொல்லிவிட்டு, மிச்சக் கட்டை இடது கையால் சுற்றி முடிப்பாள்.