ஏஞ்சல் ரெண்டு, மோலி நாலு

பவுலினின் தொட்டியில் ஏஞ்சல் மீன் ஜோடி இரண்டு முறை முட்டை வைத்து, இரண்டு முறையும் தானே தின்றுவிட்டது. மூன்றாவது முறையும் குஞ்சு தேறவில்லை என்றால் ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும், நைனார்பாளையத்தில் வேறொரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று குஞ்சு வளர்த்துத் தர ஜோடியைக் கொடுத்திருந்த மீன் கடைக்காரர் தமிழரசன் சொல்லிவிட்டார். ஜோடி போனால் பவுலின் மறுபடியும் கரும்பு வெட்டப் போக வேண்டும். வேறு வேலை எதுவும் அவளுக்கு இல்லை.

பதினெட்டு வருஷம் வெட்டியவள். போன அரவைப் பருவத்தில், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குப் போகிற டிராக்டரில் கட்டு ஏற்றும்போது வலது தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே போகவில்லை. தலை வாருவதும் இடது கையில்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தமிழரசனிடம் குறையைச் சொன்னாள்.

"ரெண்டும் மொறச்சிக்கினே கெடக்குது தம்பி. முட்ட வெச்ச மறுநாளே சண்ட. அப்பறம் தின்னுடுது."

"தனியா வுட்டா அப்டித்தாம்மா. கோவத்தக் காட்ட வெளியாளு ஒண்ணு வேணும். இல்லன்னா புருஷன் பொண்டாட்டிதான் அடிச்சிக்கும். உங்க வூட்ல எப்டி?"

"எங்க மாமியா இருந்தவரைக்கும் நானும் அவரும் ஒத்துமதான்."

தமிழரசன் சிரித்துக்கொண்டே வலையை எடுத்தார். "கப்பி வுட்டா முழுங்கிடும். டைகர் பார்ப் வுட்டா ஏஞ்சலோட துடுப்பக் கடிச்சி நாராக்கிடும். கோல்டு பிஷ் அழுக்கு ஜாஸ்தி. மோலி நாலு தரேன், நாலும் ஆணு. முழுங்கவும் முடியாது, கடிக்கவும் கடிக்காது. முட்டகிட்ட வந்தா ஏஞ்சல் ரெண்டும் சேந்து தொரத்தும். தொரத்துறதுலயே ஜோடி ஒட்டிக்கும்."

"வேற எதுனா வுடலாமா?"

"எதையும் வுடாத. அடியில மேயறது கூடவே கூடாது. இருட்டுனா ஏஞ்சலுக்குக் கண்ணு தெரியாது. அடியில மேயறதுங்களுக்கு மீசையே கண்ணு."

அவர் சொன்னபடியே நடந்தது. ஏஞ்சல் மறுபடி முட்டை வைத்தது. தொட்டியில் சாய்த்து வைத்திருந்த பிவிசி பைப்பில், ரவையை ஒட்டியதுபோல வரிசை வரிசையாக முட்டை. மோலி ஒன்று பக்கத்தில் வந்தால் போதும், ஆணும் பெண்ணும் சேர்ந்து அதைத் தொட்டியின் மூலைக்கு விரட்டின. மூன்றாம் நாள் முட்டைகளுக்கு வால் முளைத்துத் துடித்தது. பவுலின் எண்ணிப் பார்த்து, இருநூற்று அறுபதுக்குமேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டாள். இன்னும் நாலு நாளில் நீந்தத் தொடங்கிவிடும்.

ஐந்தாம் நாள் புருஷன் சவரிமுத்து வந்தான். அவன் கிணறு தூர்வாருகிறவன். ஊரெல்லாம் போர்வெல் போட்டபிறகு வருஷத்துக்கு மூன்று நாலு கிணறு கிடைத்தால் அதிகம். ரிஷிவந்தியத்தில் ஒரு கிணற்றை முடித்துவிட்டு வந்திருந்தான். தண்ணீரை இறைத்ததும் கிடைக்கிற கெளுத்தியைக் குடத்தில் போட்டு வைத்து, சேறு வாரி முடித்ததும் இரண்டை மறுபடி கிணற்றில் விட்டுவிட்டுத்தான் அவன் மேலே ஏறுவான். மீன் இல்லாத கிணறு கெட்டுப்போகும் என்பது அவன் தொழிலில் உள்ள நம்பிக்கை. அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டு கெளுத்தியை ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பவுலின் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சிமெண்ட் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மீனுக்கு நோய் வராமலிருக்கப் போட்ட பாதாம் இலை ஊறி, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கையை விட்டுத் தடவினான். அடியில் தீவன மிச்சம் வழவழவென்று படிந்திருந்தது. இவ்வளவு பாடுபடுகிறாள், அடியைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லையே என்று நினைத்தான். இரண்டு கெளுத்தியையும் தொட்டியில் விட்டான். அவள் வந்ததும் சொல்ல நினைத்து, குளித்துச் சாப்பிட்ட அசதியில் தூங்கிப்போனான்.

விடிந்ததும் பவுலின் போய்ப் பார்த்தாள். பைப் வெறுமையாக இருந்தது. ஏஞ்சல் பெண் அதன்மேலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தது. வாலில் ஒரு கிழிசல்.

மோலிதான் என்று முடிவு செய்தாள். நாலையும் வலையில் வாரிக் கோழிக்கு முன்னால் கொட்டினாள். கோழிகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. குஞ்சுகள் எதாவது அடியில் விழுந்து கிடக்குமா என்று வலையை விட்டுத் துழாவினாள். கனமாக ஏதோ வந்து விழுந்தது. மீசையோடு.

சவரிமுத்து வேப்பங்குச்சியோடு வந்தான்.

"இது இன்னாய்யா?"

"கெளுத்தி. ரிஷிவந்தியத்துக் கெணத்துது. நான்தான் வுட்டேன்." அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. "அடியெல்லாம் அழுக்கு. ரெண்டே நாள்ல தின்னு கண்ணாடியாட்டம் பண்ணிடும் பாரு."

அவன் பைப்பைப் பார்த்தான்.

"குஞ்சுங்க எங்க?"

வலையைத் தூக்கிக் காட்டினாள். கெளுத்தியின் வயிறு உப்பியிருந்தது. "இதுல."

சவரிமுத்து குச்சியைத் துப்பிவிட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தான். "எனக்கு இன்னா தெரியும்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல."

அரவைக்குப் பத்து நாள்தான் இருந்தது. கரும்பு வெட்டு மேஸ்திரி பச்சமுத்து காலையிலேயே டிவிஎஸ் வண்டியில் தெருத்தெருவாகப் போய் ஆள் எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்.

"இன்னா பவுலினு, மீனு முதலாளி ஆயிட்டியா, வரியா?"

"வரேன் மேஸ்திரி."

"வரேன்னா யார்கூட போடுறது உன்ன? ஒருத்தி வெட்டணும், ஒருத்தி கட்டித் தூக்கணும். ராஜாம்பாளக் கேட்டேன். ஒத்தக் கைக்காரிகூட நான் மாரடிக்கவான்றா. மத்தவளுங்களும் அதேதான்."

"எடது கையில வெட்டுவேன்."

"தூக்குறது?"

சவரிமுத்து எழுந்து வந்தான். "என்னயும் எழுதிக்க மேஸ்திரி. அவ வெட்டுவா. நான் தூக்குறேன்."

"கெணத்து வேல?"

"கெணறு இன்னா கெணறு."

பச்சமுத்து அவன் முட்டிக்கால்களைப் பார்த்தார். இரண்டும் கிணற்றுச் சேற்றில் நின்று நின்று வீங்கியவை. பேனாவைத் திறந்தார்.

"எழுதுறேன். சேந்து வேல செஞ்சி பழக்கமில்லாத ஜோடி. மத்தவங்களவிட கம்மியா வெட்டுனா பாதியில அனுப்பிச்சிடுவேன். அப்ப மூஞ்சத் தூக்கக் கூடாது."

"சரி."

வண்டி போனது. பவுலின் இரண்டு ஏஞ்சலையும் பிடித்தாள். ஒரே கவரில் போட்டால் வழியில் ஒன்றையொன்று கிழித்துவிடும். தனித்தனிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டினாள். பல்லால்தான் இறுக்க முடிந்தது.

"நான் கொண்டுபோயி குடுத்துட்டு வரட்டா?" என்றான் சவரிமுத்து.

"வேணாம்."

"கெளுத்திய இன்னா பண்றது?"

"கெடக்கட்டும். மீனு இல்லாத தொட்டி கெட்டுப்பூடுமில்ல."

குத்தலா, உண்மையாகவே சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. இடது கையில் இரண்டு கவர். வலது கை மேலே போகாது. கவர்களை உள்ளே இருந்த யாரோ ஒருவரிடம் நீட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள்.