காக்காப் பாட்டு

“எப்பப்பா எடுக்கறாங்க?” என்றுதான் முதல் போன் வந்தது. காலை ஏழே கால். தமிழழகன் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான். யார் எதை எடுக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. பேசியவர் சங்கராபுரத்துப் பெரியப்பா. குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு, “மனச தேத்திக்கப்பா. கண்ணகி நல்ல பொண்ணு. ஒம்பது மணி பஸ்ஸுக்கு நாங்க கெளம்பி வந்துடறோம்” என்றார். தமிழழகன் நுரையைத் துப்பிவிட்டு, “பெரியப்பா, அவ உயிரோட இருக்கறா” என்றான். “அப்பறம் இன்னாத்துக்குடா அப்பிடி ஸ்டேட்டஸ் வெச்ச?” என்று கத்திவிட்டுப் பெரியப்பா போனை வைத்தார். சாவு இல்லை என்று கேட்டுக் கோபப்பட்ட மனிதரை அவன் அன்றுதான் பார்த்தான். மதியத்துக்குள் இன்னும் நான்கு பேரைப் பார்த்துவிட்டான்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் வைத்த ஸ்டேட்டஸ் ஒரு கவிதை. ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுக்கிற தொழில்தான் அவனுக்கு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பிளக்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷமாக டிசைனர். யார் வீட்டுப் பெண் பெரியமனுஷி ஆனாலும், யார் கல்யாணம் கட்டினாலும், யார் கண்ணை மூடினாலும் அவன் விரலைத் தாண்டித்தான் ஊருக்குத் தெரியவேண்டும். ‘வானம் அழுதது’, ‘தீபம் அணைந்தது’ என்று கேட்ட நிமிஷத்தில் கொட்டுவான். ஆனால் இந்த எட்டு வரிகளை எழுத அவனுக்கு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று. கண்ணகி வீட்டை விட்டுப் போய் அவ்வளவு நாள்தான் ஆகியிருந்தது.

நீ போன பிறகும்
இரண்டு ஆழாக்குதான் போடுகிறேன்.
உன் பங்குச் சோறு
மதில்மேல் காகத்துக்கு.
விளக்கை அணைக்காமல்
படுக்கிறேன்.
வந்தால் இருட்டில்
தடுக்கி விழுவாயே.

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஒருத்தனுக்கு உலை வைக்க அவனுக்குக் கை வரவேயில்லை. மிஞ்சுகிற சோற்றைக் கொண்டுபோய் மதில்மேல் வைப்பான், காக்கை வந்து தின்னும், அவ்வளவுதான். காக்கைக்குச் சோறு வைத்தேன் என்று எழுதினால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது, கருமாதி போஸ்டர் அடித்தே காலம் தள்ளுகிறவனுக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. போதாததற்கு அதை அவன் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டு, ஒரு மூலையில் வெண்தாமரையும் இன்னொரு மூலையில் எரிகிற விளக்கும் வைத்திருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்து நான்காம் வருஷத்து ஜூன் மாதம், சாராயச் சாவின்போது, கருணாபுரத்துக்கென்று ராத்திரி பகல் தெரியாமல் அடித்த இரங்கல் பேனரின் கறுப்புச் சட்டகம் அது. அதற்குப் பிறகு அவன் கை எதை எழுதினாலும் முதலில் அந்தச் சட்டகத்தைத்தான் திறக்கும். அதற்குள் போட்டுப் பார்த்தபோது எழுத்து பளிச்சென்று இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவன் சந்தோஷம்கூடப் பட்டான்.

கண்ணகி போனதும் ஒரு வார்த்தையால்தான். அவன் தங்கை வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து. கண்ணகி ஆசையாகக் குழந்தையைக் கையில் வாங்கினாள். நாற்பது பேர் இருந்த பந்தலில் தமிழழகன், “அத குடுத்துடு, ஒனக்குத் தூக்கத் தெரியாது” என்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. கண்ணகி குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வார்த்தையை எதற்காகச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. குழந்தை தூங்கி வழிந்தது, தலையைப் பிடிக்கத் தெரியாமல் விட்டுவிடுவாளோ என்று பயந்தேன் என்று பிறகு தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தான். சில நாள் அதை நம்பினான். சில நாள் நம்ப முடியவில்லை. மறுநாள் காலை அவள் களமருதூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவனோ மன்னிப்பு என்ற சொல்லை வாய்வரை கொண்டுவந்து கொண்டுவந்து விழுங்கினான். அதனால்தான் எழுதினான். அவள் படித்தால் வந்துவிடுவாள் என்று நம்பினான். அந்த எட்டு வரியை விட்டால் அவனிடம் வேறு எதுவும் இல்லை.

பெரியப்பா கூப்பிட்ட அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். ஒரு வருஷம் இரண்டு மாதத்தில் முதல் முறை.

“நா இன்னும் சாவலங்க” என்றாள். “காலையிலேர்ந்து எங்கம்மா போன எடுத்து எடுத்து, எம்பொண்ணு நல்லா இருக்கறா, நல்லா இருக்கறான்னு சொல்லிக்கினே இருக்குது. எங்கப்பா சாப்பிடவே இல்ல.”

“கண்ணகி, கடைசி வரி படிச்சியா? கடைசி ரெண்டு வரியப் பாரு.”

“காக்காக்கு சோறு வெச்சன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு மேல இன்னாத்த படிக்கறது?”

போன் நின்றுவிட்டது. அவன் திரும்ப அடித்தபோது எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அவன் பேஸ்புக்கில் கவிதையையும் போட்டு விளக்கம் எழுதினான். என் மனைவி உயிருடன் இருக்கிறாள், இது காத்திருக்கிறவனின் கவிதை, இரங்கல் கவிதை அல்ல என்று தெளிவாகவே எழுதினான். எழுதாமலே இருந்திருக்கலாம். ‘இறப்பை ஏற்க மறுக்கும் மனநிலையைக் கண்முன் நிறுத்திவிட்டீர்கள் தோழர்’ என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் அழுகிற முகம் ஆறு போட்டிருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு ஆய்வே நடத்தினார். இரண்டு ஆழாக்கு என்பது உடலும் உயிரும், மதில் என்பது இம்மைக்கும் மறுமைக்கும் நடுவில் உள்ளது, விளக்கு ஆன்மா. அரிசி அரிசிதான் ஐயா, சங்கராபுரம் ரோட்டுக் கடையில் வாங்கினது என்று தமிழழகன் பதில் போட நினைத்து அழித்தான். வாசகர் வட்டத்தில் கூப்பிட்டு ஒரு துண்டு போர்த்தினார்கள். அங்கே அவன் எழுந்து விஷயத்தைச் சொன்னபோது, தலைமை தாங்கியவர் பொறுமையாகச் சிரித்து, “எழுதி முடிச்ச பிறகு அது ஒங்களுது இல்ல தம்பி, படிக்கறவங்களுது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

பிறகு பாட்டு தானாகவே நடக்க ஆரம்பித்தது. கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் கலையரசி, “அண்ணா, அந்த காக்கா பாட்டு போடுன்னு கேக்கறாங்கண்ணா” என்று முதல் ஆர்டரைக் கொண்டுவந்தபோது அவன் முடியாது என்றான். இரண்டாவது ஆளிடம் முடியாது என்று சொல்ல அவனால் ஆகவில்லை. அந்த மனிதர் பிள்ளையைப் பறிகொடுத்தவர். எழுதினது யார் என்று தெரியாமலே, “இத எழுதனவன் வூட்லயும் சோறு மிஞ்சியிருக்கும்ங்க” என்றார். தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டு டைப் செய்தான். அப்புறம் மற்றக் கடைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். தியாகதுருகம், சின்னசேலம், மலைமேல் கரியாலூர் வரைக்கும் போய்விட்டது. கரியாலூரில் மரவள்ளிக் கொல்லை ஓரம் மூங்கிலில் கட்டியிருந்த ஒரு பேனரை யாரோ படம் எடுத்து அவனுக்கே அனுப்பி, ‘நெஞ்சை உருக்கும் வரிகள், பகிரவும்’ என்று கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவன் எழுதியதையெல்லாம் படித்தவர்களைவிட நூறு மடங்கு பேர் இதைப் படித்துவிட்டார்கள். படிக்கவேண்டிய ஒருத்தி மட்டும் நாலாவது வரியிலேயே நின்றுவிட்டாள். மீதி நாலு வரியையும் அவள் எப்படியாவது படித்துவிட்டால் போதும் என்று அவன் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கடை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வேட்டி கட்டி, டிராக்டர் பக்கத்தில் நிற்கும் பெரியவர். தமிழழகன் பழக்கதோஷத்தில் முகத்தைச் சுற்றி வெட்டி, பின்னால் இருந்த டிராக்டரை அழித்த பிறகுதான் யார் என்று பார்த்தான். அவன் மாமனார் சுப்புராயன். கோடு போட்ட தாளில் பேர்களை எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மனைவி தைலம்மாள், மகன் பிரவீன்குமார், மகள் கண்ணகி, பங்காளிகள், கிழக்குத் தெரு நண்பர்கள். மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம். அனுப்பினவன் தெருப் பையன்களில் ஒருத்தன் போலிருக்கிறது, இவனை அறியாதவன். ‘உளுந்தூர்பேட்டைல அந்த பாட்டு இல்லயாம். உங்க கடைலதான் கரெக்டா இருக்கும்னாங்க. காக்கா பாட்டு முழுசா போட்டுடுங்க’ என்று குரல் செய்தியும் இருந்தது.

மருமகன் என்ற இடமே அந்தத் தாளில் இல்லை. மகள் கண்ணகி என்பதோடு வரி முடிந்திருந்தது. தமிழழகன் அடுத்த வரியில் ‘மருமகன் தமிழழகன்’ என்று டைப் செய்தான். எழுத்து அளவு மற்ற பேர்களோடு சரியாகப் பொருந்தியது. கலையரசி பின்னால் வந்து நின்றாள், படத்தைப் பார்த்தாள். டீ வாங்கிவந்து வைத்தாள். அவன் டீ குடித்து முடிக்கும்வரை தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி எழுதித் தந்த பேர்களில் டிசைனர் கை வைக்கக்கூடாது என்பது இந்தக் கடைக்கு அவனே போட்ட சட்டம். அழித்தான். மிஷின் ஓடி முடிந்ததும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மருமகன் கோடித்துணியும் மாலையும் எடுத்துக்கொண்டு மேளத்தோடு வரவேண்டிய சாவு. இவன் பிளக்ஸ் சுருளோடு தெருமுனையில் இறங்கினான். கழனிப் பக்கமிருந்து காற்று வந்தது. ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் அவனைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். தோளில் துண்டோடு பிரவீன்குமார் எழுந்து வந்தான்.

“வாங்க மாமா” என்றான். சுருளைப் பார்த்தான். “ஒங்களுக்கு சொல்லக் கூடாதுன்னு இல்ல. அக்காதான் வாணாம்னுச்சு.”

“அவகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறன் பிரவீனு.”

“இன்னைக்கா மாமா?” என்றான் அவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணகி மெலிந்திருந்தாள். நிமிர்ந்து, வாசற்படியில் நின்றவனைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது நிச்சயம். அவன் வாயைத் திறந்தான். ஒரு வருஷமாக விழுங்கிய சொல் அப்போது கிட்டத்தட்ட வெளியே வந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். தைலம்மாள் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணகி ஒப்பாரியை இழுத்து எடுத்தாள்.

“நீ போன பெறவும் ரெண்டாழாக்கு போட்டு வெச்சன் எங்கப்பா,
ஒம் பங்கு சோத்த காக்கா துன்னுட்டுப் போச்சே எங்கப்பா,
வெளக்க நான் அணைக்கலயே எங்கப்பா,
நீ வந்தா இருட்டுல தடுக்கி வுழுவியே எங்கப்பா…”

ஒரு வரி தவறவில்லை. பார்த்துப் படிக்கவும் இல்லை, அந்தப் பாட்டு எந்நேரமும் அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சுற்றி இருந்த பெண்கள் கடைசி வரியை வாங்கித் திரும்பத் திரும்பச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார்கள். பதினாறு நாளும் அந்த விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வார்கள், செத்தவர் வருவார் என்று. வாசற்படியில் நின்று கேட்ட தமிழழகனுக்கும் அது சாவுப்பாட்டாகத்தான் கேட்டது. வேறு விதமாகக் கேட்க முயன்று பார்த்தான், முடியவில்லை. இத்தனை நாளும் அவள் படிக்கவில்லை என்ற ஒன்று அவனுக்கு இருந்தது. படிக்கவில்லை, படித்தால் வந்துவிடுவாள் என்று அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு பொங்கினான், கடைக்குப் போனான். அவள் படித்திருக்கிறாள். கடைசி வரி வரைக்கும் படித்து, மனசில் வைத்து, சொல் சொல்லாக அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். அதில் அவனுக்கு மிச்சமென்று எதுவும் இல்லை. அவன் அழுதான். அங்கே எல்லோரும் அழுததால் அது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

பிரவீன்குமார் அவன் தோளைத் தொட்டான். “மாமா, அந்தப் பக்கம் புடிங்க. எடுக்கறதுக்குள்ள கட்டிடலாம்.”

வாசலில் இரும்பு ஸ்டூல் போட்டு, கொட்டகைக் கம்பத்தில் தமிழழகன் ஏறினான். பேனரின் ஒரு காது அவன் கையில், இன்னொரு காது எதிர்க் கம்பத்தில் ஏறிய எவனோ ஒருத்தன் கையில். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் பிடித்து வட்டமாகக் குனிந்து நிமிர்ந்து அழுதார்கள். மேலிருந்து பார்த்தால் அவிழ்ந்த தலைமுடியும் குனிந்த முதுகுகளும்தான் தெரிந்தன. அதில் எது கண்ணகியின் முதுகு என்று தேடினான். ஒன்றை நினைத்தான், அது நிமிர்ந்தபோது வேறு யாரோ. இன்னொன்றை நினைத்தான்.

“இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க மாமா, படிக்கறாப்ல” என்று கீழேயிருந்து பிரவீன்குமார் சொன்னான்.

அவன் கயிற்றை இழுத்துக் கட்டினான்.