ஏழு வினாடிப் பேச்சு

என் கணவருக்குத் தலையில் அடிபட்டு எட்டு மாதம். கை, கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டன. கண் மட்டும் வேலைக்கு வருகிறது. அதை நம்பித்தான் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்காரர்கள் ஒரு திரையைப் பொருத்தினார்கள். ஒரு படத்தை அவர் ஏழு வினாடி உற்றுப் பார்த்தால் கருவி அவருக்காகப் பேசும். ஒரு மாதச் சோதனைக்குக் கொடுத்தது. இன்று மூன்று கேள்விக்கு அவராகப் பதில் சொல்லாவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

ஒரு மாதமாகக் கருவி வாய் திறக்கவில்லை. மட்டமான கருவி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

"குடிக்க என்ன வேணும் சார்?" என்று கேட்டார் ஸ்பீச் தெரபிஸ்ட்.

"தண்ணி. அவருக்கு எப்பவும் தண்ணிதான்," என்றேன்.

"ஜன்னலைத் திறக்கவா, மூடவா?"

"மூடிடுங்க. காத்து ஒத்துக்காது."

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, மிஷினையும் பேச விட மாட்டீங்களா?"

"உங்கண்ணன் வாயைத் திறந்தாத்தானே!"

"நீங்க மூடினாத்தானே!"

"மேடம், ரெண்டு கேள்வியிலும் நீங்க பாஸ்," என்றார் தெரபிஸ்ட். "இனி அவரைப் பரீட்சை எழுத விடுங்க. முதல்லேர்ந்து கேக்கறேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏழு வினாடி இவ்வளவு நீளமா? அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் நழுவி நழுவித் திரும்பியது. பதினெட்டு வருடமாக அவர் வாக்கியங்களை நானே முடித்துவைத்தேன். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பயமாகவும் இருந்திருக்கலாம்.

"காபி," என்றது கருவி, யாரோ ஒரு செய்தி வாசிப்பாளர் குரலில். பிறகு, "திறங்க."

"பக்கத்துல யார் இருக்கணும்?"

திரையில் என் படம், நாத்தனார் படம், யாரும் இல்லாத ஒரு வெற்றுக் கட்டம். என் படத்தைப் பெரிதாக வைத்தவள் நான்தான். அவர் கண் அதற்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... நகர்ந்தது. கட்டத்தில் நின்றது.

"தனியா இருக்கணும்."

"மூணுக்கு மூணு! கருவி உங்களுக்குத்தான்," என்று தெரபிஸ்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிசாக எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்.

உள்ளிருந்து தெரபிஸ்ட் குரல் கேட்டது: "எவ்வளவு நேரம் சார்?"

அஞ்சு நிமிஷம் போதும். பதில் என் நாக்கு நுனியில் தயார். விழுங்கினேன்.

ஏழு வினாடி போயிற்று. இன்னொரு ஏழு.

"என்ன அண்ணி, பதிலே காணோம்?"

"யோசிக்கிறார்," என்றேன். உடனே, "தெரியல," என்று திருத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.