சத்தமில்லாமல் வந்த பஸ்

டயாலிசிஸ் முடிந்து வரும் உடம்பில் தெம்பு என்று ஒன்றும் மிஞ்சாது. பிழிந்து கொடியில் போட்ட துணி மாதிரி இருப்பாள் என் மனைவி விக்டோரியா. அந்த உடம்பைத்தான் வாரம் மூன்று முறை தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியிலிருந்து எங்கள் கடற்கரை ஊருக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிவருவேன். உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோடு. லாரிகள் போட்ட பள்ளம் எங்கும். பழைய டீசல் பஸ்ஸில் எஞ்சினின் உதறல் பின் சீட்டுவரை வரும், புகையும் கூடவே வரும். ஒரு பாலிதீன் கவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஊர் வருவதற்குள் அது நிறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வைக்க என் துறைமுகப் பென்ஷன் போதாது. மகள் ஷெர்லின் குவைத்தில் நர்ஸாக இருந்து அனுப்பியதெல்லாம் மருந்துக்கே சரியாக இருந்தது.

ஒருநாள் அப்படி வந்து படுத்தவள் சொன்னாள்: "ஷெர்லின் அப்பா, இந்த மாசத்தோட நிப்பாட்டிருவோம்."

"எதை?"

"ஆஸ்பத்திரி போறதை. ஊசி குத்துறது வலிக்கல. மிஷின்ல கெடக்கதும் ஒண்ணும் இல்ல. இந்த பஸ்ஸுதான் என்னைக் கொல்லுது."

"நிப்பாட்டுனா என்ன ஆவும்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"சொன்னாரு. அவரு என்ன பஸ்ஸுலயா போறாரு?"

அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் சர்ச்சிலிருந்து பங்குச் சாமி வந்தாலும் மாற்ற முடியாது. அந்த மாதம் முடிய அதிக நாள் இல்லை. எங்கள் ரூட்டுக்கு பேட்டரி பஸ் வரப்போகிறது என்று டீக்கடையில் கேள்விப்பட்டதும் ஓடிவந்து சொன்னேன். புகை கிடையாது, ஆட்டம் கிடையாது, படியும் தாழ்வாக இருக்குமாம், ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். "ஒரு தடவைதான்" என்றாள்.

எங்கள் ஊரில் யாரும் ஸ்டாப்பில் போய் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. ஸ்டாப்பில் நிழல் இல்லை, உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். பஸ் ஓடைப் பாலத்தில் ஏறும்போது கியர் மாற்றி உறுமும். அது காதில் விழுந்த பிறகுதான் தலை சீவுவோம், கதவைப் பூட்டுவோம். பஸ் கடற்கரைவரை போய், டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஊர் முழுக்க ஸ்டாப்புக்கு வந்துவிடும். கடிகாரம் பார்த்து பஸ் ஏறிய ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

புது பஸ் வந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரி பை மடியில், காது பாலத்தில். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. வேறு சத்தமே இல்லை. கடைசியில் எதிர்வீட்டு முப்பிடாதி மீன் கூடையோடு தெருவில் நின்று கத்தினாள்.

"ஏளா விக்டோரியா! பஸ்ஸு வந்துட்டு அப்பமே போயிட்டாம்ளா! பூனை மாதிரில்ல வந்துருக்கு, களவாணிப் பய பஸ்ஸு! எம் மீனு நாறப்போவுது!"

தெருவே வாசலுக்கு வந்து திட்டியது. அடுத்தது டீசல் பஸ். விக்டோரியா அதைக் கேட்டதும் பையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "ஒரு தடவைன்னு சொன்னேன், ஆயிப்போச்சு. மாதாவுக்கே இஷ்டமில்ல போல. விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. பேசும்போது மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் ஒரு இடம் தருகிறோம், தவறவிடாதீர்கள் என்றார்கள்.

சாயங்காலம் அந்த பஸ் வரும் நேரத்தை டீக்கடையில் விசாரித்து, ஸ்டாப்பில் போய் நின்றேன். வெயிலில் நான் மட்டும். பஸ் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் காற்று அடித்தது போலிருந்தது, திரும்பினால் கதவு திறந்திருந்தது. கண்டக்டர் ஒரு பெண். ஜெயஷீலா என்று சட்டையில் பெயர் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி! ஒங்க ஊர்ல மனுசங்க இருக்காவளா? காலையில ஒரு ஈ காக்கா ஏறல. டிப்போவுல எங்களை ஏசுதாங்க."

நான் பாலத்து விஷயத்தைச் சொன்னேன். விக்டோரியாவைப் பற்றியும் சொன்னேன். டிரைவர் பாண்டியராஜன் சீட்டிலிருந்து முழுக்கத் திரும்பிக் கேட்டார்.

"அதான பாத்தேன். அந்தப் பாலத்துல பழைய வண்டி என்னா கத்து கத்தும்! இது எனக்கே கேக்க மாட்டேங்கு" என்றார். "ஹார்ன் அடிக்கட்டா?"

"லாரிக்காரன் நாள் முழுக்க அடிக்கான். ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க" என்றேன்.

ஜெயஷீலா கழுத்தில் கிடந்த விசிலை எடுத்துக் காட்டினாள். "பாலத்துல இருந்து ஊதிக்கிட்டே வாரேன். அக்காவைக் கூட்டிட்டு வந்து நில்லுங்க. அவுங்க ஏறாம வண்டி நகராது, போதுமா?"

மறுநாள் காலையில் அந்த விசில் கேட்டது. பாலத்தில் தொடங்கி, தெருமுனை தாண்டி, கடற்கரைவரை மூச்சுவிடாமல். நாய்கள் குரைத்தன. முப்பிடாதி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படுத்திருந்த விக்டோரியா தலையைத் தூக்கினாள்.

"யாரு இது, புட்பால் ரெப்ரீ மாதிரி?"

"ஒனக்காகத்தான் ஊதுதா. ஒரு பொம்பளப்பிள்ள."

"எனக்காகவா?" கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "அது நெஞ்சு வலிக்க ஊதுதே. சொல்லாமக் கொள்ளாமப் படுத்துக்கெடந்தா நல்லாவா இருக்கும்? பையை எடுங்க."

படி உண்மையிலேயே தாழ்வாக இருந்தது. என் தோளைப் பிடிக்காமல் ஏறினாள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஜெயஷீலா என்னை மட்டும் பார்த்து, "அண்ணாச்சிதான் சில்லறை எடுக்கணும்" என்றாள். திரும்பி வரும்போது விக்டோரியா வழக்கம்போல கவரை விரித்துப் பிடித்துக்கொண்டாள். துறைமுக வளைவு போயிற்று. உப்பளம் வந்தது. பக்கத்தில் பார்த்தேன். கவர் கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் வந்தும் பாண்டியராஜன் கதவைத் திறந்துவிட்டு அப்படியே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மாதம் முடிந்தது. நிறுத்துவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கிடைத்தது, ஒரு பனிமய மாதா திருவிழா கிடைத்தது, ஷெர்லின் லீவில் வந்து அம்மா மடியில் படுத்திருந்த நாட்கள் கிடைத்தன. பஸ்ஸில் அவளுக்கென்று ஒரு ஜன்னலோர இடம் இருந்தது. "டிரைவர் தம்பி, இடது கை இன்னும் கியரைத் தேடுதே" என்று பாண்டியராஜனைக் கிண்டல் செய்வாள். "இருவது வருசப் பழக்கம் அக்கா" என்பார் அவர். ஜெயஷீலா விடமாட்டாள்: "அக்கா, வீட்டுக்காரி முகத்தைவிட பேட்டரி எத்தன பர்சென்ட்டுன்னுதான் அதிகமாப் பாக்காரு." அவர்கள் மூவரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் வருவேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, ஆஸ்பத்திரி போக வேண்டிய நாளில், தூக்கத்திலேயே அவள் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள், டியூட்டி முடித்து இருவரும் சீருடையோடு வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி எடுத்துப் போட்டேன். பாண்டியராஜன் விக்டோரியாவின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயஷீலாதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, கடைசியில அக்கா ரொம்பச் சலிச்சுட்டாவளா? வர மாட்டேன்னு சொன்னாவளா?"

நான் அடுப்படிக்குப் போய், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"சீலா மீன் கருவாடு. முந்தின நாள் சாயங்காலம் அவளே கட்டி வச்சா. நாளைக்கு பஸ்ஸுல ஒனக்குக் குடுக்கணும், மறந்துராதீங்கன்னு என்கிட்ட மூணு தடவை சொன்னா" என்றேன்.