நோன்பு மாதத்துச் சாப்பாட்டுப் பெட்டி

அந்த மே மாதத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே பெற்றவர்கள் பயந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து, இருநூற்றைம்பது பேருக்கு மேல் செத்து, மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்தது பள்ளிக்கூடம்தான் என்று ஒவ்வொரு போனிலும் செய்தி ஓடியது. யார் சொன்னது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால், கேட்டவன் குண்டு வைத்த முஸ்லிம் கும்பலுக்கு வேண்டியவன் ஆகிவிடுவான்.

இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், பெற்றோரே முறைபோட்டு வாசலில் நின்று பைகளைச் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை முறை பூரணிக்கும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியான லெட்சுமிக்கும் வந்தது. இரண்டு பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். அன்றைய சம்பளத்தில் பாதி போகும் என்று தெரிந்தும் ஏழு மணிக்கே வந்து, வாசலில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் நின்றார்கள். பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை.

பெற்றோர் சங்கத் தலைவர் முத்துலிங்கம் தோட்டத்து லொறி ஓட்டுபவர். சங்கத் தலைவரான நாளிலிருந்து அவருக்குக் குரல் கொஞ்சம் தடித்துவிட்டது.

"ஸில்மியா டீச்சர் வந்தா அவங்க பையையும் பாரு பூரணி. பொம்பள பைய நான் தொட முடியாது."

"ஏழு வருசமா வர்றவங்கண்ணே."

"ஏழு வருசமா குண்டு வெடிச்சுச்சா? இப்ப வெடிச்சிருக்குல்ல?"

 பூரணி அடுத்த பிள்ளையின் பையைத் திறந்தாள்.

ஸில்மியா டீச்சருக்கு ஊர் தூரத்துக் கிழக்குக் கரையில் இருக்கும் அக்கரைப்பற்று. மஸ்கெலியா டவுனில் கடைக்கார ஹலீம் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு பிள்ளைகூட எட்டிப் பிடிக்காத புலமைப்பரிசில் பரீட்சையில், போன வருடம் நான்கு பிள்ளைகளைத் தேற வைத்தது அவர்தான். பூரணியின் மகள் சர்மிளாவுக்கு ஓகஸ்டில் பரீட்சை. கொழுந்துக் கூடையைத் தன்னோடு முடித்துவிட வேண்டும் என்கிற பூரணியின் ஆசை முழுவதும் அந்த டீச்சரை நம்பித்தான் இருந்தது.

டீச்சர் எப்போதும் போலக் கருநீல ஹபாயா அங்கியில் பனிக்குள்ளிருந்து வந்தார். மற்ற நாட்களில் அவர் பையை வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் போட்டி போட்டு ஓடுவார்கள். இன்றைக்குத் தாய்மார் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. பையைத் தானே மேசையில் வைத்தார்.

"பாருங்க பூரணி. உங்கட கடமைதானே."

பூரணிக்கு வெட்கமாக இருந்தது. புத்தகங்கள், திருத்திய வினாத்தாள்கள், குடை, சாவிக்கொத்து. அடியில் மூடி போட்ட ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பார்த்தாயிற்று என்று பையை மூடப் போனாள்.

"நில்லுடி," என்றாள் லெட்சுமி. "இது நோம்பு மாசம்ல? நோம்பு புடிக்கிறவங்களுக்கு எதுக்குச் சாப்பாட்டுப் பொட்டி?"

எங்கிருந்தோ வந்த அந்நியனுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. டீச்சர் நோன்பு பிடிக்கிற மாதத்தில் அவர் முன்னால் டொஃபி தின்னாதே என்று பிள்ளையை அதட்டி அனுப்பியவள் இதே லெட்சுமிதான். அவ்வளவு தெரிந்து வைத்திருந்ததால்தான் அவ்வளவு சந்தேகமும் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த மாதத்தில் வெளிச்சமானதுகூடப் பேயாகத்தான் தெரிந்தது.

பெண்ணின் பையைத் தொட மாட்டேன் என்ற முத்துலிங்கம் எட்டிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு டோர்ச் பெட்டரி, ஒரு சின்ன பல்ப், சுருட்டி வைத்த சிவப்பு வயர்.

"வயரு! பெட்டரி!" என்று யாரோ அலறினார்கள். மேசையைச் சுற்றி ஒரு நொடியில் வெறிச்சோடிவிட்டது. தாய்மார் பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முத்துலிங்கம் தூரத் தள்ளிப்போய் நின்று பொலிஸுக்குப் போன் அடித்தார்.

"புள்ளையளுக்கு மின்சுற்று பாடம் காட்டுறதுக்கு..." என்று டீச்சர் தொடங்கினார். கேட்க ஆள் இல்லை.

பூரணி ஓடவில்லை.  அந்த வயர் அவள் வீட்டு வயர். டீச்சர் பல்ப் எரிய வைத்துக் காட்டப் போகிறார், வயர் வேண்டும் என்று சர்மிளா வெள்ளிக்கிழமை வந்து நச்சரித்தாள். பழுதாகிக் கிடந்த ரேடியோவிலிருந்து அவள் புருஷன் அழகுமுத்துதான் வெட்டி, நுனியைப் பல்லால் சீவி, மகளுக்காகப் பச்சை டேப் சுற்றிக் கொடுத்தான். அந்தப் பச்சை டேப் பெட்டிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது எங்க வீட்டு வயர் என்று சொல்லிவிட்டால் டீச்சருக்குப் பிரச்சினை முடிந்தது. அழகுமுத்துவுக்குத் தொடங்கிவிடும்.  

பதினேழு வயதில் அவள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். புலிகளோடு யுத்தம் மும்முரமாக இருந்த காலம். வெளியே போகும்போது பொட்டை அழித்துவிட்டுப் போ என்பாள் வீட்டுக்கார அம்மா. கட்டின புருஷன் செத்தால் அழிக்கிற பொட்டை, கல்யாணமே ஆகாதவள் தினமும் கடைக்குப் போக அழித்தாள். ஒருநாள் மறந்து போனாள். சோதனைச் சாவடியில் பிடித்து, "கொட்டியாத?" என்று கேட்டார்கள். நீ புலியா என்று அர்த்தம். வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டார்கள். வேலைக்கு வந்தவள், எனக்குச் சரியாகத் தெரியாது என்று அந்த அம்மா வைத்துவிட்டாள். இரண்டு வருடம் அவள் சமைத்த சோற்றைத் தின்ற வாய் அது. மூன்று இரவு ஸ்டேஷன் தரையில் கிடந்தபோது, புலி என்ற சொல்லைவிட அந்தத் 'தெரியாது'தான் பூரணியை அறுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் அறுக்கும்.

சந்தியில் நின்ற ஜீப் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஒரு பொலிஸ் சார்ஜன், துப்பாக்கியோடு இரண்டு ஆமிக்காரர்கள். சார்ஜன் பெட்டியைக் கிளறினார். டீச்சரைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். டீச்சருக்குச் சிங்களம் மட்டுமட்டு. பள்ளிக்கூட அதிபரோ ஒரு கூட்டத்துக்கு ஹட்டன் போயிருந்தார்.

"யாருக்குச் சிங்களம் தெரியும்?" என்றார் சார்ஜன்.

முத்துலிங்கத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பொலிஸ் புத்தகத்தில் பெயர் ஏறுவது அவருக்குப் பிடிக்காது. "இவ கொழும்புல இருந்தவ, நல்லா பேசுவா," என்று பூரணியை முன்னே தள்ளினார்.

சார்ஜன் கேட்கக் கேட்க அவள் தமிழில் சொன்னாள். டீச்சர் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னாள். ஊர் எது? அங்கே யார் யார்? அவ்வளவு தூரத்திலிருந்து இந்த மலைக்கு ஏன்? பெட்டரியும் பல்பும் கடையில் வாங்கியது, பில் இருக்கிறது என்றார் டீச்சர். சார்ஜன் வயரைத் தூக்கிப் பிடித்தார்.

"இது வாங்கியது இல்லை. எங்கேயோ வெட்டியது. எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டைச் சோதிக்க வேண்டும். கேள்."

பூரணி கேட்டாள்.  "வயர் எந்த வீட்டுதுன்னு கேக்குறாருங்க டீச்சர். அந்த வீட்ட சோதிக்கணுமாம்."

டீச்சர் பூரணியைப் பார்த்தார். பிறகு, பனி விலகத் தொடங்கிய தேயிலை ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்த சர்மிளாவைப் பார்த்தார்.

"எங்கட ஊட்டுல இருந்து நான்தான் கொண்டு வந்த. வேற ஆரும் தரல்ல."

 அந்தப் பதில் ஜீப்பில் ஏறி எங்கெங்கே போகும் என்று பூரணிக்குத் தெரியும். ஹலீமின் கடைக்குப் போகும். அக்கரைப்பற்றில் டீச்சருடைய சகோதரர்கள் வீட்டுக்குப் போகும். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று சொன்னவர்கள் இந்த நாட்டில் நடந்து பார்க்கவில்லை. குண்டு வைத்தவன் செத்துப் போகிறான். அவனுக்கு வைத்த பெயர் சாவதில்லை, அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு அலைகிறது. அன்றைக்கு அவளைப் பிடித்தது, இன்றைக்கு இந்த மனுஷியைப் பிடித்திருக்கிறது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் சார்ஜன்.

"அபே கெதரின், மாத்தயா," என்றாள் பூரணி. எங்கள் வீட்டிலிருந்து, ஐயா. சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்புத்தான். சொல்லும்போது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"எங்கள் என்றால்? யாருடைய?"

"என்னுடைய வீடு. என் மகள் இவரிடம் படிக்கிறாள். பாடத்துக்கு நாங்கள்தான் கொடுத்தோம்."

இரண்டு மொழியும் தெரிந்த முத்துலிங்கத்துக்கு வாய் திறந்தது. பூரணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

சார்ஜன் டீச்சரை விட்டுவிட்டு அப்போதுதான் பூரணியை முழுதாகப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கினார். புருஷன் என்ன வேலை? மிச்ச வயர் எங்கே? கொழும்பில் எந்த இடத்தில் இருந்தாய்? கடைசியாக, "இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய்?" என்றார். அதுவும் புத்தகத்தில் ஏறியது. டீச்சர் வகுப்புக்குப் போகலாம், நீ ஜீப்பில் ஏறி வீட்டைக் காட்டு என்றார்.

காலையிலிருந்து தோளோடு தோள் நின்ற லெட்சுமி, இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மற்றத் தாய்மாரும் ஜீப்புக்கு வழிவிடத் தேவையானதைவிட அதிகமாகவே விலகி நின்றார்கள்.

டீச்சர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "எங்க கூட்டிட்டுப் போறாங்க? நான் என்ன சொன்ன, நீங்க என்ன சொன்னீங்க பூரணி?"

"எங்க வீடுன்னீங்க. நானும் எங்க வீடுன்னுதாங்க டீச்சர் சொன்னேன்."