பத்து நிமிஷம் ஓடட்டும்

மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கிற லாரி டிரைவருக்குச் சொந்தக் கார் எதற்கு? எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இது ஒரு வியாதி மாதிரி. வருஷம் முழுக்க வண்டியிலேயே கிடக்கிற மனுஷன் லீவுக்கு வந்தும் வண்டியிலா ஏறணும், கணக்கு வாத்தியார் லீவு நாளில் கணக்குப் போட்டுக்கொண்டா இருக்கிறார் என்பார். அம்மாவுக்குக் கார் நிற்கிற ஷெட்டில் துணி காயப்போட வேண்டும். ஓட்டுவதெல்லாம் ஊரான் வண்டி, என் பேரில் ஒன்று இருக்கட்டுமே என்று அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு பெட்டியோடு நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோதும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா அழுது தீர்த்தாள். மாமா சமாதானம் பேசக் கிளம்பி, அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா நான்கு நாளும் என் அறை வாசலைத் தாண்டித் தாண்டிப் போனார், உள்ளே வரவில்லை. ஐந்தாம் நாள் லாரிக்குக் கிளம்பும்போது கார் சாவியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"நின்னே கிடந்தா பேட்டரி போயிடும்மா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஸ்டார்ட் பண்ணிட்டு எனக்கு போன் போடு. சத்தத்தைக் கேட்டுச் சொல்றேன்."

எரிச்சலாக வந்தது. வாழ்க்கை போய் உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து பேட்டரி போய்விடும் என்கிறாரே மனுஷன்! வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு ஒரு வேலை என்று நினைத்துவிட்டார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் செய்தேன். மற்ற ஆறு நாளும் தலைகூட வாராமல் கிடப்பவள் ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் எழுந்து ஷெட்டுக்குப் போவேன். வண்டியைக் கிளப்பி, பானட்டைத் தூக்கிவிட்டு, போனை எஞ்சின் பக்கம் நீட்டுவேன். எங்கோ ஒரு சாலையில் லாரியை ஓரம் கட்டிவிட்டு அவர் கேட்பார். "ம், பத்து நிமிஷம் ஓடட்டும்" என்பார். அந்தப் பத்து நிமிஷமும் போனை வைக்க மாட்டார். டயரில் காற்று இருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா, அடியில் பூனை ஏதும் படுத்திருக்கிறதா என்று கேட்பார். கேள்வி தீர்ந்துவிட்டால் இரண்டு பேரும் பேசாமல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆறு மாதம் போனதும் தெருமுனை வரை ஓட்டிப் பார் என்றார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள்தான், இருந்தும் எதிரே சைக்கிள் வந்தால்கூட நிறுத்தி வழி விட்டேன். அப்புறம் பெட்ரோல் பங்க் வரை போனேன். அந்த வழியில் இருந்த பல் டாக்டரின் கிளினிக்கில் ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்து, உள்ளே போய்க் கேட்டு, வேலைக்கும் சேர்ந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விவாகரத்து கிடைத்தது. அம்மா அன்றே அவருக்குச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தேன், இன்றைக்காவது ஒரு வார்த்தை கேட்பார் என்று. வைப்பர் ரப்பர் காய்ந்துபோயிருக்கும், தொட்டுப் பார் என்றார். பானட்டை அறைந்து சாத்தினேன்.

அடுத்த லீவில் அவர் வந்திருந்தபோது மாமா பழைய பாட்டை ஆரம்பித்தார். எப்போதும் பிடி கொடுக்காமல் நழுவுகிற அப்பா அன்று என் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்கிறாய் என்றார்.

"வித்துடுங்கப்பா. அதுக்குக் காவல் காக்க என்னால ஆகாது."

சரி என்று தலையாட்டினார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. அன்று மாலையே மெக்கானிக்கிடம் வண்டியைப் பேசி முடித்துவிட்டு, மறுநாள் லாரி ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை மெக்கானிக் வந்தார். ஒரு காலத்தில் அப்பாவோடு லாரியில் போனவர். சாவியைக் கொடுக்கும்போது, பேட்டரியைப் பற்றிக் கவலையே வேண்டாம், வாரம் தவறாமல் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிட்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது எதுக்கு தங்கச்சி? பேட்டரி வயரைக் கழட்டி விட்டாலே போதும், ஒரு மாசம் நின்னாலும் ஒண்ணும் ஆகாது. நின்ன இடத்துல பத்து நிமிஷம் ஓடவிட்டா, ஸ்டார்ட் பண்ணச் செலவானதுகூட ஏறாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கப்பாதான்."

முன்பெல்லாம் ஒவ்வொரு தடவை லாரிக்குக் கிளம்பும்போதும் அவரே வயரைக் கழற்றிவிட்டுத்தான் போவார் என்றும் சொன்னார். முன்பெல்லாம் என்றால் எந்த வருஷம் வரை என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கார் கேட்டைத் தாண்டியதும் ஷெட் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு ஏண்டி விற்கச் சொன்னாய் என்றாள் அம்மா.

ஞாயிறு பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னம்மா? வண்டிதான் இல்லையே."

சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன், நீங்கள் என்றேன். ஆச்சு என்றார். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை.

"சரிம்மா, லோடு இறக்கக் கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிடங்கும் திறப்பதில்லை. என்னோடு பேச அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.