வார்னிஷ் அடித்த பானை

"உள்ள இருந்த மண்ணு எங்கடா?"

"மண்ணை விடுக்கா, பளபளப்பைப் பாரு முதல்ல..."

"மண்ணு எங்கன்னு கேக்குறேன்."

"ரோஜாத் தொட்டியில கொட்டிட்டேன். நல்ல கறுப்பு மண்ணு, அதை ஏன் வீணாக்கணும்..."

சமையலறை மேசையில், விரித்த செய்தித்தாளின் மேல், மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தது பானை. தம்பி, வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் அகப்பட்டதாம். சோப்புத் தூளும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஒரு கோட் வார்னிஷும் அடித்துவிட்டுத்தான் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்.

அக்கா அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடம், நூலகம், தொழிற்சாலை என்று படம் காட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மண்ணுக்கடியில் இருப்பவற்றை ஏன் மதிக்க வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்வதுதான் பதினோரு வருடமாக அவள் பிழைப்பு. அந்தக் கறுப்பு மண்ணில் கரித்துண்டு இருந்திருக்கும், தானியம் இருந்திருக்கும், பானையின் வயதையே அதிலிருந்து கணக்கிட்டிருக்கலாம் என்று அவள் சொல்லச் சொல்ல, தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"நீதானே பழசைக் காப்பாத்துங்கன்னு பேசினே? முன் வரிசையில உக்காந்து கை தட்டினேனே. உன் படத்துல வந்த பானையெல்லாம் இப்படித்தானே மின்னிச்சு?"

தான் காட்டும் நாற்பது படங்களையும் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எல்லாமே கழுவி, ஒட்டி, விளக்குப் போட்டு எடுத்தவை. மண் அப்பிய பானை ஒன்றுகூட இல்லை. முன்பு இருந்தது. அகழாய்வுக் குழிப் படம் வந்தாலே கூட்டத்தில் கொட்டாவி கிளம்புகிறது என்று அவளே நீக்கிவிட்டாள்.

அப்போது தெருக்கோடிக் குழாயிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரோடு தம்பி மனைவி உள்ளே வந்தாள். இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு நடை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு மாதமாகிறது. வாளிகளை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பானையைப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க தம்பி தேய்ச்ச முதல் பாத்திரம் இதுதான், அண்ணி. திட்டாதீங்க, அப்புறம் அதையும் விட்டுடுவாரு."

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் தைரியம் பெற்று, இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொடவில்லை என்றான் தம்பி.

கொல்லைக்குப் போனார்கள். ஏணி வைத்து அக்கா குழிக்குள் இறங்கினாள். பக்கச் சுவரில், மண்ணோடு மண்ணாக, ஒரு பானையின் தோள் பிதுங்கியிருந்தது. வாயை மூடிய தட்டைக் கல் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இன்னும் எவர் கையும் போகவில்லை. அதற்கடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் கோடு ஒன்று, என்றோ எரிந்த அடுப்பின் தடமாக, பக்கத்து வீட்டு மதில் பக்கமாக ஓடியது. பதினோரு வருடமாக அடுத்தவர்கள் கண்டெடுத்ததைத்தான் அவள் காட்டி வந்திருக்கிறாள்.

காலை ஏழு மணிக்குக் கொத்தனார் கான்கிரீட் போட வருகிறார்.

புதைபொருளைக் கண்டவர் அன்றைக்கே தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவள் கொடுக்கும் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும். தெரிவித்தால் வேலை நிற்கும். அஸ்திவாரத்தில் பானை கண்டு தெரிவித்த கடைக்காரர் ஒருவருக்கு எட்டு மாதம் வேலை நின்றது. அந்த மனிதரைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள். கைதட்டல் அதிகம் விழும் இடம் அது.

அளவுநாடா கேட்டாள். தம்பி போட்டான். மேலேயிருந்து பானைவரை அளந்து குறித்துக்கொண்டாள். ஈரச் சாக்கு கேட்டு வாங்கி, பானையின் தோளை மூடினாள். கைபேசியை எடுத்து அலுவலக எண் வரைக்கும் போனாள். திரையில் மண் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தாள். இன்னொரு தடவையும் துடைத்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டாள். ஆழத்தை மறுபடி அளந்து பார்த்துவிடலாம் என்றாள். வந்தது அதே அளவுதான்.

கொத்தனாருக்கு என்ன சொல்லட்டும் என்று தம்பி கேட்டான். கொஞ்சம் பொறு என்றாள்.

தம்பி மனைவி அடுத்த நடைக்கு எடுத்த காலி வாளிகளைக் குழியின் ஓரத்தில் வைத்தாள். மூன்றாவது தடவையாக நாடா பிரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"இது வேற யார் வீட்டுக் குழியாவது இருந்திருந்தா, இந்நேரம் போன் பண்ணியிருப்பீங்கல்ல, அண்ணி?"